பழைய மாஸியில் லிஃப்ட் தகராறு: பம்பைக் கழற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்

சம்பா உழவு சூடுபிடித்துவிட்டால் எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, லிஃப்ட் தூக்க மாட்டேங்குது. பம்ப் போயிருச்சுன்னு சொல்றாங்க." லிஃப்ட் என்பது டிராக்டரின் பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பு, அதற்கு ஆயிலைத் தள்ளுவது பம்ப். போய்ப் பார்த்தால் பல நேரம் பம்ப் நன்றாகவே இருக்கும். உள்ளே கிடக்கும் ஆயில்தான் குறைந்திருக்கும், கெட்டிருக்கும், இல்லையென்றால் அந்த வண்டிக்கே ஆகாத ஆயிலாக இருக்கும்.

நான் சொல்வது மாஸி பெர்குசன் 35, 135, டாஃபேயின் பழைய 1035 ஆகிய டிராக்டர்களைப் பற்றி. டாஃபே 1960ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய பழைய வண்டிகள் டெல்டாவில் இன்னும் தொளியில் இறங்கி வேலை செய்கின்றன. இந்த ரகத்தில் கியர் பாக்ஸ், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். பம்ப் தனியாக வெளியே இல்லை, ஹவுசிங்குக்குள் (வண்டியின் இரும்புக் கூட்டுக்குள்) ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கிறது. கியருக்கு என்று நீங்கள் ஊற்றுவதைத்தான் பம்பும் குடிக்கிறது. இது தெரியாமல் "கியர் ஆயில் ஒரு டின் கொடுங்க" என்று வாங்கி ஊற்றுவதில்தான் கீழே வரும் கோளாறுகளில் பாதி தொடங்குகிறது.

உங்களுடையது வேறு கம்பெனி வண்டி என்றால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஃபோர்டு 3000ல் கியர் பாக்ஸ் ஆயில் தனி, பின்பக்கமும் ஹைட்ராலிக்கும் தனி. வேறு சிலவற்றில் ஹைட்ராலிக்குக்கு மட்டும் தனித் தொட்டி இருக்கும். எத்தனை இடத்தில் ஊற்றும் மூடி, எத்தனை இடத்தில் அளவு பார்க்கும் குச்சி என்று எண்ணிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். லிஃப்ட் தூக்கியபடி அளந்தால் சிலிண்டருக்குள் போன ஆயில் கணக்கில் வராது. பிறகு டிப்ஸ்டிக்கைச் சுத்தமான துணியில் துடைத்து, உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். குச்சி நீளமானது. கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தாலே உள்ளே லிட்டர் கணக்கில் குறைவு.

அடுத்து, அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றாமல் தளர்த்தி மட்டும், ஒரு கண்ணாடி பாட்டிலில் கால்பங்கு ஆயில் பிடியுங்கள். பாட்டிலின் மேல் தேதி எழுதி ஓரமாக வையுங்கள். இந்தப் பாட்டில் பின்னால் பல இடத்தில் உதவும்.

கடைசியாக ஊற்றிய ஆயில் எது என்று கேளுங்கள். "ஏதோ டிராக்டர் ஆயில்" என்று பதில் வந்தால் காலி டின்னைத் தேடுங்கள். எங்கள் ஊரில் அது மாட்டுக்கொட்டகையில் தண்ணீர் மொள்ளக் கிடக்கும். லேபிள் அழியாமல் இருந்தால் நம்பரைப் படியுங்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி: கோளாறு வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? இந்தப் பதிலை வாங்காமல் நான் ஸ்பேனரை எடுப்பதில்லை.

காலையில் தூக்குகிறது, வெயில் ஏறினால் தூக்க மாட்டேன் என்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். சூடேறினால் ஆயில் இளகும். இளகிய ஆயில் எங்கே இடுக்கு கிடைத்தாலும் நழுவும்.

முதலில் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் அதே ரக ஆயிலை ஊற்றிச் சரிசெய்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். அளவு சரி என்றால் ஆயில் மெலிந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டு வழியில் மெலியும். ஒன்று, யாரோ டீசல் ஊற்றிக் கழுவி, முழுக்க வடியவிடாமல் புது ஆயிலை ஊற்றியிருப்பார்கள். பாட்டிலைத் திறந்து மோந்தால் டீசல் வாசனை தெரியும். இரண்டாவது, ஜே.சி.பி.க்கு ஊற்றும் 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில்.

இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் ஒருவருடைய 1035ல் லிஃப்ட் மந்தம். கடைக்காரர் "ஹைட்ராலிக்குக்கு ஹைட்ராலிக் ஆயில்தானே?" என்று 68 நம்பரில் ஒரு பக்கெட் கொடுத்துவிட்டார். ஊற்றிய அன்று லிஃப்ட் பறந்தது. ஒரு வாரத்தில் மதியமானால் ரொட்டவேட்டரைத் தூக்கவில்லை. அதைவிடக் கவலை, பின் ஆக்சிலிலிருந்து புதிதாக ஒரு ஊளைச் சத்தம். 68 நம்பர் பம்புக்கு நல்ல ஆயில்தான். ஆனால் பின் ஆக்சிலின் பற்சக்கரங்களான கிரவுன் சக்கரமும் பினியனும் ஒன்றையொன்று அழுத்திச் சுற்றும் இடத்தில் அது பல்லைக் காப்பாற்றாது. தனித் தொட்டி உள்ள வண்டிக்கு, புத்தகம் சொன்னால், ஊற்றலாம். ஒரே ஹவுசிங் வண்டிக்கு வேண்டாம்.

ஆயிலும் சரி, அளவும் சரி என்றால் உள்கசிவு. இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். குளிர்ந்த வண்டியில் ஒரே கலப்பை, ஒரே எஞ்சின் வேகம் வைத்து, தரையிலிருந்து உச்சிக்குப் போக எத்தனை நொடி என்று செல்போனில் குறியுங்கள். இரண்டு மணி நேரம் உழுதபின் அதே கலப்பை, அதே வேகத்தில் மறுபடி குறியுங்கள். கொஞ்சம் கூடினால் இயல்பு. இரண்டு மடங்குக்கு மேல் போனால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. மலிவானது முதல் சொன்னால்: பம்பிலிருந்து மேலே போகும் நெட்டைக் குழாயின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), லிஃப்ட் பிஸ்டனின் ரிங், கடைசியில் பம்ப்.

இங்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் ஆயிலைப் பக்க மூடிக்குக் கீழே இறக்கி, மூடியைக் கழற்றி, சுமை ஏற்றி, எங்கிருந்து ஆயில் பீய்ச்சுகிறது என்று விளக்கு அடித்துப் பார்ப்பார். எஞ்சின் ஓடும்போது உள்ளே சுற்றும் சாமான்களுக்குப் பக்கத்தில் கை வைக்கும் வேலை இது. பழக்கம் இல்லாதவர் செய்யக் கூடாது. பார்க்காமலே "பம்ப் மாத்தணும்" என்று சொல்கிறவரிடம், முதலில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓ-ரிங் விலை எங்கே, பம்ப் விலை எங்கே!

காலையில் மந்தம், சூடேறினால் சரியாகிறது

முந்தையதற்கு நேர் எதிர். ஆயில் கெட்டி. கியர் சத்தத்தை அடக்க யாரோ 140 நம்பர் கியர் ஆயில் ஊற்றியிருப்பார்கள். மார்கழி விடியலில் அந்த ஆயில் பாகு மாதிரி நிற்கும். பம்பால் அதை உறிஞ்ச முடியாது, முனகும். 140ஐ இறக்கிவிட்டுச் சரியான ஆயில் ஊற்றுவதுதான் வழி. பாதி இறக்கிப் பாதி கலப்பது தற்காலிகத்துக்குக்கூட நல்லதில்லை.

ஆயில் கெட்டி இல்லையென்றால் உறிஞ்சும் வாயில் உள்ள சல்லடை அடைத்திருக்கலாம். சில மாடலில் கம்பிவலை இருக்கும், சிலவற்றில் இருக்காது. இருந்தால் ஆயில் மாற்றும்போதே கழற்றி டீசலில் கழுவிவிடுங்கள். துணிநூல், பழைய கேஸ்கெட் துண்டு, சிலிக்கான் பிசின் என்று எல்லாம் அதில் சிக்கியிருக்கும். சிலிக்கான் பிசினைத் தாராளமாகப் பிதுக்கி மூடி ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்பக்கம் பிதுங்கும் பாதி, ஆயிலில் விழுந்து பம்புக்குத்தான் போகிறது.

எதுவுமே தூக்கவில்லை

பதறாமல் வரிசையாகப் பாருங்கள்.

லீவர்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா? டிராஃப்ட் லீவரும் (மண்ணின் இழுவைக்கு ஏற்பக் கலப்பையை ஏற்றி இறக்குவது) பொசிஷன் லீவரும் (கலப்பையை வைத்த உயரத்தில் நிறுத்துவது) பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பொசிஷனில் வேலை செய்யும்போது டிராஃப்ட் லீவர் முழுக்க மேலே இருக்க வேண்டும். வண்டியை யாராவது இரவல் வாங்கிப் போய் வந்திருந்தால் இதுதான் முதல் சந்தேகம்.

கிளட்ச் முழுக்க விடுபட்டிருக்கிறதா? இந்த வண்டிகளில் பம்பைச் சுற்றுவது பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது ரொட்டவேட்டர் போன்ற கருவிகளுக்கு எஞ்சின் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மிதியை அழுத்தினால் பம்ப் நின்றுவிடும். இரட்டைக் கிளட்ச்சில் பாதி வரை அழுத்தினால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுக்க அழுத்தினால் பம்பும் நிற்கும். கிளட்ச்சில் கால் வைத்துக்கொண்டே லீவரை இழுத்துவிட்டு "தூக்கலை" என்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் பழைய ஃபெர்குசன் டி.இ-20 என்றால் பி.டி.ஓ. லீவரையும் போட வேண்டும், அதைப் போட்டால்தான் பம்பே சுற்றும்.

அளவு? குச்சியில் ஆயிலே படவில்லை என்றால் எஞ்சினை மறுபடி போடாதீர்கள். பம்ப் காற்றை மட்டும் உறிஞ்சி உலர்ந்து சுற்றினால் சீக்கிரம் தேயும்.

மூன்றும் சரி, ஆனால் வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தது என்றால், லீவருக்கு ஏற்ப ஆயிலைத் திறந்து மூடும் கன்ட்ரோல் வால்வு ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதிலும் ஆயிலில் தண்ணீர் இருந்து துரு பிடித்திருந்தால். எஞ்சினை ஓடவிட்டு, லீவரை மேலும் கீழுமாக இருபது முப்பது முறை ஆட்டுங்கள். சில நேரம் விட்டுக்கொடுக்கும். சுத்தியலால் ஹவுசிங்கைத் தட்டுவது எல்லாம் வேண்டாம். விட்டுக்கொடுக்கவில்லை என்றால் பக்க மூடியைத் திறந்து, எஞ்சின் நின்ற நிலையில், வால்வைக் கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். அது மெக்கானிக் வேலை.

தூக்குகிறது, ஆனால் நிற்கவில்லை

மூன்று விதம், மூன்றும் வேறு வேறு.

எஞ்சினை அணைத்தபின் மெல்ல மெல்ல இறங்குகிறதா? இந்த வயது வண்டிக்கு இரவில் தூக்கி வைத்த கலப்பை காலையில் தரையில் கிடப்பது பெரிய குற்றமில்லை. பத்து நிமிடத்துக்குள் இறங்கினால் பிஸ்டன் ரிங், ஓ-ரிங் பக்கம் பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது சில நொடிக்கு ஒருமுறை தலையாட்டுவதுபோல் இறங்கி ஏறுகிறதா? கசிந்து இறங்குவதைக் கன்ட்ரோல் வால்வு திரும்பத் திரும்பச் சரிக்கட்டுகிறது. கசிவைப் பிடித்தால் தலையாட்டம் நிற்கும்.

தூக்கும்போதே நடுங்கி நடுங்கித் தூக்குகிறதா? பம்பில் நான்கு பிஸ்டன் உண்டு. ஒரு பிஸ்டனின் வால்வில் தூசி சிக்கினாலும், தேய்ந்தாலும் அந்த முறை வரும்போதெல்லாம் ஒரு குலுக்கல் விழும். ஆயில் அழுக்காக இருந்தால் முதலில் ஆயிலை மாற்றிக் கழுவிப் பாருங்கள், தூசி வெளியேறிச் சரியாகிவிட்டதும் உண்டு. ஆகவில்லை என்றால் பம்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

எந்த வகையானாலும் தூக்கிய கலப்பைக்கு அடியில் போகாதீர்கள், காலைக்கூட நீட்டாதீர்கள். கட்டை கொடுத்துத் தாங்கிய பிறகுதான் வேலை. வெளிக்குழாயில் கசிவு தேடும்போது விரலால் தடவக் கூடாது. ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னப் புள்ளியாக இருந்தாலும் கையையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். மேலே பட்டுவிட்டால் வலி இல்லையென்றாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருக்கிறது

டெல்டாவில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். ஜூன் 12ல் மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவைக்குச் சேறடிக்க வண்டிகள் கேஜ் வீலோடு (சேற்றில் ஓட மாட்டும் இரும்புச் சக்கரம்) இறங்கும். பின் ஆக்சில் சீலும் பி.டி.ஓ. சீலும் சேற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க மூழ்கும். சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் நிற்கும்போது உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதோடு வாட்டர் சர்வீஸ் செய்யும்போது கியர் லீவர் ரப்பர் மேல் நேராக அடிக்கும் தண்ணீர், வெட்டவெளியில் மழையில் நின்ற வண்டி.

நீங்கள் பிடித்து வைத்த பாட்டிலை மறுநாள் காலையில் பாருங்கள். எங்கள் வண்டியில் ஒருமுறை பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர், அதன் மேல் வெளுத்த ஒரு படலம், அதற்கும் மேலே தேன் நிறத்தில் ஆயில். அப்பாவிடம் காட்டியபோது பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதையா இத்தனை நாள் பம்பு குடிச்சுது?" என்று மட்டும் கேட்டார்.

எல்லா நேரமும் இப்படிப் பிரியாது. கொஞ்சமாகக் கலந்த தண்ணீரைக் கண்டுபிடிக்கப் பழைய தகர மூடியை அடுப்பில் சூடாக்கி, அடுப்பிலிருந்து எடுத்து, தள்ளி நின்று இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். கடுகு வெடிப்பதுபோல் படபடத்தால் தண்ணீர் உண்டு. சத்தமில்லாமல் புகைந்தால் இல்லை.

இருந்தால் செய்ய வேண்டியது:

வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்தி வையுங்கள். காலையில் டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும். அது நின்றதும் போல்ட்டை முடுக்கி, எஞ்சினைப் போட்டு ஆயிலை வெதுவெதுப்பாக்கி, பிறகு முழுக்க இறக்குங்கள். டிரெயின் போல்ட் ஒன்றல்ல. கியர் பாக்ஸுக்கு அடியிலும் பின்பக்கமும் இருக்கும். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற பள்ளத்தில் தண்ணீர் அப்படியே தங்கும். இந்தத் தப்பை நானே முதல் தடவை செய்தேன், பத்தே நாளில் புது ஆயில் வெளுத்துவிட்டது.

கழுவுவதற்கு விலை குறைந்த மெல்லிய ஆயில் ஊற்றி, சுமை இல்லாமல் கால் மணி நேரம் ஓடவிட்டு, லிஃப்டை நாலைந்து முறை ஏற்றி இறக்கி, சூட்டோடு இறக்கலாம். வெறும் டீசலை ஊற்றி ஓட்ட வேண்டாம். பம்பும் பேரிங்கும் மசகு இல்லாமல் உரசும்.

அப்புறம் தண்ணீர் வந்த வழியை அடையுங்கள். மலிவானது கியர் லீவர் ரப்பர், பிறகு பி.டி.ஓ. சீல், பிறகு ஆக்சில் சீல். ஆக்சில் சீல் மாற்றச் சக்கரத்தைக் கழற்றி, வண்டியைத் தாங்கி நிறுத்த வேண்டும். அந்த வசதி பட்டறையில்தான் இருக்கும். சேற்றுழவு ஓடும் வண்டிக்கு நான் மணிக்கணக்கு பார்ப்பதில்லை. தாளடி உழவு முடிந்ததும் பாட்டில் சோதனை, வெளுத்திருந்தால் அன்றே மாற்றுவேன். தண்ணீரோடு ஆறு மாதம் நிறுத்தினால் வால்வும் பேரிங்கும் துருப்பிடித்து, ஆயில் விலையைப்போல் பல மடங்கு செலவு வைக்கும்.

சரி, இறக்கியாயிற்று. எந்த டின்னை வாங்குவது?

35 ரக வண்டிக்குச் சுமார் 30 லிட்டர் பிடிக்கும். கடைசி அளவை டிப்ஸ்டிக்தான் சொல்ல வேண்டும்.

என் முதல் தேர்வு, டிராக்டர் டிரான்ஸ்மிஷனுக்கும் ஹைட்ராலிக்குக்கும் சேர்த்தே செய்த ஆயில். டின்னில் யு.டி.டி.ஓ. என்று போட்டிருக்கும். பெரும்பாலும் 10டபிள்யூ-30 அல்லது 80டபிள்யூ கெட்டியில் வரும். கியர் பல்லையும் காக்கும், பம்பிலும் ஓடும், ஆயிலில் மூழ்கிய பிரேக்குக்கும் ஆகும். ஓ-ரிங்கைக் கெடுக்காது.

பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் "அதில் 80, 90 நம்பர் கியர் ஆயில் என்றுதானே இருக்கிறது?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஃபெர்குசன் காலத்துப் புத்தகங்களில் குளிருக்கு 80, வெயிலுக்கு 90 என்று இருக்கும். அது சாதா மினரல் கியர் ஆயில். இன்று கடையில் 90 என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் லாரி டிஃபரென்ஷியலுக்கான ஜி.எல்-5 (ஜி.எல். என்பது கியர் ஆயிலின் தரக் குறி). அதில் கந்தக மருந்து அதிகம், மூடியைத் திறந்தாலே அந்த வாடை அடிக்கும். பித்தளை, வெண்கலப் புஷ்களை அது நாளடைவில் அரிக்கக்கூடும். 90 ஊற்றியே ஆக வேண்டும் என்றால் லேபிளில் ஜி.எல்-4 அல்லது அதற்குக் கீழே இருப்பதாகப் பாருங்கள். உங்கள் வண்டியின் பிரேக், ஆயிலில் மூழ்கிய ரகமாக இருந்தால் 90 பேச்சே வேண்டாம்.

நம்பரைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். கியர் ஆயில் 90 என்பது எஞ்சின் ஆயில் 40, 50 நம்பரின் கெட்டிதான். கியர் 80 என்பது எஞ்சின் ஆயில் 20, 30க்குப் பக்கம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. "90ஐ விட 40 பாதிக்குப் பாதி தண்ணி" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

யு.டி.டி.ஓ.விலும் ஒரு குறை உண்டு. வருடக்கணக்கில் 90 ஓடிய தேய்ந்த வண்டியில் இதை ஊற்றினால் கியர் சத்தம் கொஞ்சம் கூடும், காய்ந்துபோன பழைய சீலில் புதிதாக வியர்க்கும். நான் அதைப் பொறுத்துக்கொண்டு சீலை மாற்றச் சொல்வேன். லிஃப்டே பயன்படுத்தாமல் டிரெய்லர் மட்டும் இழுக்கும் வண்டி என்றால் ஜி.எல்-4 தரத்து 90 ஓடிவிட்டுப் போகட்டும்.

ஊற்றக் கூடாதவை: எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயில், அதில் உள்ள கரித்தூள் வால்வுக்கு எமன். பிரேக் ஃப்ளூயிட், ரப்பரை ஊதவைத்துவிடும். கைக்குக் கிடைத்த மிச்ச ஆயில்களைக் கலந்த கலவை. வயலில் அவசரம் என்றால் சுத்தமான 30 நம்பர் எஞ்சின் ஆயில் இரண்டு லிட்டர் ஊற்றி வீடு வந்து சேரலாம்.

டிப்ஸ்டிக் ஓட்டையில் நுரை பொங்குகிறது

அளவு குறைவா என்று பாருங்கள், பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். அளவு கூடுதலா என்றும் பாருங்கள், சக்கரங்கள் ஆயிலைக் கடைந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் தண்ணீர், அல்லது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு ஆயில் கலவை. ஒரு முறை முழு மாற்றம் செய்தும் நுரை நிற்கவில்லை என்றால் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சும்மா நிற்கும்போதும் பம்ப் உறுமுகிறது

டிரெய்லரில் டிப்பர் வேலை செய்துவிட்டு வந்த வண்டியா? பொசிஷன் லீவரை உச்சிக்கும் தாண்டித் தள்ளினால் பம்ப் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும் நிலை ஒன்று உண்டு. அது டிப்பருக்காக வைத்தது. அதே இடத்தில் லீவரை மறந்துவிட்டால் ஆயில் போக இடமில்லாமல் ரிலீஃப் வால்வு வழியாகச் சீறிக்கொண்டே இருக்கும், ஹவுசிங் கை வைக்க முடியாத சூடாகும். லீவரைக் கீழே கொண்டுவாருங்கள், சத்தம் நிற்கும். லீவர் கீழே இருந்தும் சீறினால் உள் லிங்க்கேஜ் அளவு தப்பியிருக்கிறது. அதைச் சரிசெய்யத் தனி அளவுக்கருவி வேண்டும், அனுபவம் உள்ள கையிடம் விடுங்கள்.

கியர் பாக்ஸில் புதுச் சத்தம்

அளவு, பிறகு டிரெயின் போல்ட். கழற்றி முனையைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி படிந்திருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது அல்லது பேரிங் கூடு நொறுங்கியிருக்கிறது. பொன்னிற மினுமினுப்பு புஷ்ஷிலிருந்து வருவது. சில்லு வந்தபின் கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அடக்கி ஓட்டாதீர்கள். அந்தச் சில்லு அடுத்த பல்லையும், அதே ஆயிலைக் குடிக்கும் பம்பையும் சேர்த்துக் கொண்டுபோகும். அன்றே வண்டியை நிறுத்த வேண்டிய இடம் இது.

ஒரு பக்க பிரேக் மட்டும் பிடிக்கவில்லை

டிரம் பிரேக் வண்டியில் அந்தப் பக்க ஆக்சில் சீல் விட்டு, ஆயில் டிரம்முக்குள் போயிருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கோடு மண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் ஆயில் அளவைச் சோதியுங்கள். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று அளவுக்கு மேல் ஊற்றிய வண்டியில் நல்ல சீலும் கசியும். அளவு சரி என்றால் சீல் மாற்ற வேண்டும், ஆயில் ஊறிய லைனிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது சில நாள்தான் தாங்கும். அதுவரை ரோட்டில் சுமையோடு போகாதீர்கள், பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஆயிலில் மூழ்கிய பிரேக் வண்டியில் மிதிக்கும்போது கிர்ரென்று கத்தினால், ஆயில் மாற்றியபின் தொடங்கியதா என்று யோசியுங்கள். அப்படியென்றால் ஆயில் தப்பு. யு.டி.டி.ஓ.வுக்கு மாறுங்கள்.

ஓரிடத்தில் குறைகிறது, இன்னோரிடத்தில் ஏறுகிறது

இது தனித்தனி ஆயில் உள்ள வண்டிகளுக்கு. கியர் பாக்ஸில் அளவு ஏறி, பின்பக்கம் குறைந்தால் நடுவில் உள்ள சீல் போய்விட்டது. ஹைட்ராலிக் பம்ப் எஞ்சினில் பொருத்திய வண்டியில் எஞ்சின் ஆயில் தானாக ஏறினால் பம்ப் ஷாஃப்ட் சீலைச் சந்தேகப்படுங்கள். டீசல் கலந்தாலும் ஏறும் என்பதால் மோந்து பாருங்கள். இரண்டில் எதுவானாலும் எஞ்சின் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் சொட்டு

அடியில் ஒரு சின்னத் துளை, அதில் தொங்கும் ஒரு காட்டர் பின். அந்தப் பின் துளை அடைபடாமல் இருக்க வைத்தது. சொட்டுகிறதே என்று அதை எம்-சீல் வைத்து அடைத்த வண்டியைப் பார்த்தேன். ஆயில் உள்ளே தேங்கி கிளட்ச் தட்டு முழுக்க நனைந்துவிட்டது. அடைத்திருந்தால் முதலில் திறந்துவிடுங்கள்.

வெள்ளைக் காகிதத்தில் இரண்டு சொட்டு பிடியுங்கள். கறுப்பாக இருந்தால் எஞ்சின் பின் சீல். நிறமாக, நீங்கள் ஊற்றிய டிரான்ஸ்மிஷன் ஆயிலின் வாசனையோடு இருந்தால் கியர் பாக்ஸ் முன் சீல். சந்தேகம் என்றால் உங்கள் பாட்டிலில் உள்ள ஆயிலை அதே காகிதத்தில் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு ஒப்பிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஓரிரு சொட்டு, கிளட்ச் நழுவவில்லை என்றால் அறுவடை முடியும் வரை அளவைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். ஏற்றத்தில் எஞ்சின் வேகம் ஏறியும் வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நனைந்துவிட்டது. அப்போது வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கட்டை, தள்ளு ஜாக்கி, இரண்டு மூன்று ஆள், ஒன்றிரண்டு நாள் வேலை. கூலி பெரிதும் பிரித்துச் சேர்ப்பதற்குத்தான் போகும். அதனால் பட்டறைக்குச் சொல்லும்போதே எஞ்சின் பின் சீல், கியர் பாக்ஸ் முன் சீல், கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங் நான்கையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்லிவிடுங்கள்.